தலைப்பில் மழை இல்லாத மழைநீர்ச் சட்டம்



2003-ஆம் ஆண்டை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர்ப் பஞ்சம் கடுமையாக இருந்த அந்த ஆண்டில்தான் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பு அமைக்க வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கியது. மொட்டை மாடியிலிருந்து குழாய் இறங்கியது. காம்பவுண்டு ஓரத்தில் குழி தோண்டி, ஜல்லியும் மணலும் நிரப்பினார்கள். வடசென்னையிலும் அதே கதைதான்.

அந்தச் சட்டத்தை இன்று தேடி எடுக்க வேண்டுமென்றால் எந்தப் பெயரில் தேடுவீர்கள்? 'மழைநீர்ச் சேகரிப்புச் சட்டம்' என்றுதானே? அந்தப் பெயரில் சட்டம் கிடையாது. 2003 ஜூலையில் வந்தது 'தமிழ்நாடு நகராட்சிச் சட்டங்கள் (இரண்டாவது திருத்த) அவசரச் சட்டம்'. தலைப்பில் மழை இல்லை, நீர் இல்லை, வீடும் இல்லை. ஏற்கெனவே இருந்த சென்னை மாநகராட்சிச் சட்டம், மாவட்ட நகராட்சிகள் சட்டம் முதலியவற்றுக்குள் புதிய பிரிவுகளைச் செருகிய திருத்தம் அது. எந்தச் சட்டத்தைத் திருத்துகிறதோ அதன் பெயர்தான் தலைப்பில் வரும். எந்த வீட்டுக் கூரையைத் தொடுகிறது என்பது வராது.

சட்டம் தெரியாது என்று யாரும் தப்பிக்க முடியாது என்பது நீதிமன்றத்தின் பழைய விதி. அப்படியானால் சட்டத்தைக் கண்டுபிடிக்க வழி வேண்டாமா? அந்த வழிக்குப் பெயர் பொருளடைவு. சட்டங்களை ஆண்டு வாரியாக அடுக்காமல், அவை எதைப் பற்றியவை என்பதை வைத்து அடுக்கும் பட்டியல். அதன் கதையைத்தான் இந்த இதழில் சொல்லப்போகிறோம். அதில் நம் வட்டாரத்துக்கும் இடம் உண்டு.

தங்கசாலையில் அச்சாகும் வரிசை

நம் மாநிலச் சட்டங்கள் வெளிவரும் இடம் அரசிதழ். 1832-ல் 'ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ் கெஜட்' என்று தொடங்கியது, மாநிலத்தின் பெயர் மாறிய பிறகு 'தமிழ்நாடு அரசிதழ்' ஆனது. அதை அச்சிடும் அரசு மைய அச்சகம் நமக்குப் பக்கத்தில்தான், தங்கசாலையில், பழைய நாணயச் சாலைக் கட்டடத்தில் இருக்கிறது. ராயபுரத்திலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். அரசிதழின் நான்காம் பகுதியில் முதல் பிரிவில் சட்ட முன்வடிவுகளும், இரண்டாம் பிரிவில் சட்டங்களும் அவசரச் சட்டங்களும் வரும்.

அங்கே சட்டங்கள் வரும் வரிசைக்கும் பொருளுக்கும் சம்பந்தமில்லை. ஒப்புதல் கிடைத்த வரிசையில் ஒவ்வோர் ஆண்டும் 1, 2, 3 என்று எண் விழும். பல்கலைக்கழகத் திருத்தத்துக்கு அடுத்து விற்பனை வரி, அதற்கு அடுத்து ஊராட்சி என்று கலந்துதான் வரும்.

ஆண்டிலும் ஒரு சிக்கல் உண்டு. அடுக்குமாடி வீட்டு உரிமை பற்றிய முதல் தமிழ்நாட்டுச் சட்டத்தின் தலைப்பில் இருக்கும் ஆண்டு 1994. அதன் எண்ணோ '1995-ன் 7'. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் தலைப்பில் 1971, எண்ணில் '1972-ன் 35'. சபை நிறைவேற்றிய ஆண்டு ஒன்று, ஒப்புதல் வந்து எண் விழுந்த ஆண்டு இன்னொன்று. 1994-ஆம் ஆண்டுத் தொகுதியை மட்டும் புரட்டியவர் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததல்ல. கம்பெனி ஆட்சியில் 1802 என்ற ஒரே ஆண்டில் 30-க்கும் மேற்பட்ட ஒழுங்குமுறைகள் சென்னை மாகாணத்தில் வந்தன. அவற்றில் 25-ஆவது ஜமீன்களின் நிரந்தரத் தீர்வை பற்றியது. 29-ஆவது கர்ணங்களைப் பற்றியது. 1861-ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டத்துக்குப் பிறகு மாகாணத்திலேயே சட்டசபை அமைந்து, சட்டங்கள் இன்னும் பெருகின. அதனால்தான் 19-ஆம் நூற்றாண்டிலேயே 'மெட்ராஸ் கோட்' என்ற தொகுப்பு தேவைப்பட்டது. நீக்கப்பட்டவற்றைக் கழித்து, நடைமுறையில் இருப்பவற்றை மட்டும் காலவரிசையில் வைத்து, ஒரு காலவரிசை அட்டவணையும் அடைவும் சேர்த்தார்கள். நூலின் உடம்பு காலவரிசை. வாசகனுக்கு வழிகாட்டி அடைவு. வக்கீல்கள் முதலில் பிரித்தது அந்த அடைவைத்தான் என்று ஊகிக்க அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

பெயர் மாறினால் இடம் மாறும்

அகர வரிசையில் தலைப்புகளை அடுக்கினால் போதாதா என்று கேட்கலாம். 1969 ஜனவரி 14 அன்று மெட்ராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது. சட்டங்களின் தலைப்பிலும் 'மெட்ராஸ்' போய் 'தமிழ்நாடு' வந்தது. ஆங்கில அகர வரிசையில் 'எம்' எழுத்தில் இருந்தவை 'டி' எழுத்துக்குப் போயின. 1996-ல் நகரத்தின் பெயர் சென்னை ஆனதும், 1919-ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டமும் 1888-ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டமும் 'சி' எழுத்துக்குக் குடிபெயர்ந்தன. மற்றபடி ஏறக்குறைய எல்லாத் தலைப்புகளும் 'தமிழ்நாடு' என்றே தொடங்குவதால், அந்த வரிசையால் பெரிய உபயோகமும் இல்லை.

இன்னொரு மாதிரி. 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. அதற்கு அடிப்படையான 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தலைப்பு 'குடிசைப் பகுதிகள்' என்றே சொல்கிறது. வாரியத்தின் புதிய பெயரை வைத்துக்கொண்டு சட்டத்தைத் தேடினால் அகப்படாது.

ஒரே வரி, இரண்டு சட்டம்

நம் பகுதிக்கே உரிய உதாரணம் ஒன்று. 2011 அக்டோபர் வரை ராயபுரமும் தண்டையார்பேட்டையும் சென்னை மாநகராட்சி. அதற்கு வடக்கே திருவொற்றியூர் தனி நகராட்சி. எண்ணூர்ப் பக்கம் கத்திவாக்கம் இன்னொரு நகராட்சி. ராயபுரத்துக்காரர் வீட்டு வரி கட்டியது 1919-ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டப்படி. சில கிலோமீட்டர் தள்ளித் திருவொற்றியூரில் அண்ணன் வீட்டுக்கு வரி போட்டது 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டப்படி. மேல்முறையீடு என்று வந்தால் இருவரும் வெவ்வேறு புத்தகத்தைத்தான் திறக்க வேண்டும்.

2011-ல் இரண்டு நகராட்சிகளும் மாநகராட்சியோடு இணைந்து, திருவொற்றியூர் 1-ஆவது மண்டலம் ஆனது, ராயபுரம் 5-ஆவது. எல்லோருக்கும் 1919-ஆம் ஆண்டுச் சட்டம். அதோடு முடிந்ததா? 2023 ஏப்ரல் 13 முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்து, பழைய சட்டங்களின் இடத்தைப் பிடித்தது. அந்தப் 'புதிய' சட்டத்தின் தலைப்பில் உள்ள ஆண்டு 1998! சபையில் நிறைவேறி, சிறிது காலம் அமலில் இருந்து, 2000-ல் நிறுத்தி வைக்கப்பட்டு, பிறகு திருத்தங்களோடு உயிர்பெற்ற சட்டம் அது. 2023-ல் வந்த மாற்றத்தை 2023-ஆம் ஆண்டுச் சட்டங்களில் தேடுபவர் என்ன செய்வார்?

இதற்கு மறுபுறமும் உண்டு. 2003-ல் தமிழ்நாடு முழுமைக்கும் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்று நிறைவேறியது. அது நடைமுறைக்கு வராமலேயே 2013-ல் நீக்கப்பட்டது. சென்னைப் பெருநகரப் பகுதிக்கு உள்ளது வேறு சட்டம், 1987-ல் வந்தது. நல்ல பொருளடைவு என்றால் 'நிலத்தடி நீர்' என்ற சொல்லின் கீழ் இந்த இரண்டையும் காட்டி, எது உயிரோடு இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உள்ளே ஏறி உப்பான கிணறுகளைப் பார்த்த நமக்கு இது ஏட்டு விஷயம் அல்ல.

மற்ற நாடுகளில்

பிரிட்டன் 1870-லேயே தன் சட்டங்களுக்குக் காலவரிசை அட்டவணையும் அடைவும் அரசு வெளியீடாகக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டங்களை நிறைவேறிய வரிசையில் தனித்தனித் தொகுதிகளாக வெளியிட்டு வந்தது. அப்போது இருந்த 48 மாநிலங்களில் ஒரு விஷயத்தைப் பற்றி யார் என்ன சட்டம் செய்தார்கள் என்று ஒருவர் பார்க்க வேண்டுமானால் 48 அலமாரிகளைத் திறக்க வேண்டும். 1927-ல் அந்நாட்டு நாடாளுமன்றம், மாநிலச் சட்டங்களுக்குப் பொருளடைவு தயாரிக்கும் பொறுப்பை வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்திடம் ஒப்படைத்தது. 1925-26 முதல் 1947-48 வரையிலான சட்டங்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தொகுதியாக அது வெளிவந்தது. அங்கே அது வக்கீல் வேலையாகக் கருதப்படவில்லை. நூலக வேலையாகக் கருதப்பட்டது. அதுதான் கவனிக்க வேண்டியது.

நம்மிடம் இருந்த கலை

பொருளை வைத்து அடுக்குவது தமிழுக்குப் புதிதல்ல. திவாகர நிகண்டு சொற்களைத் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் என்று 12 தொகுதிகளாகப் பிரித்தது. 1594-ல் சிதம்பர ரேவண சித்தர் அகராதி நிகண்டில் எழுத்து வரிசைக்கு வந்தார். 1732-ல் வீரமாமுனிவர் சதுரகராதியில் இரண்டையும் சேர்த்தார். அதில் பெயரகராதி, சொல்லைத் தெரிந்துகொண்டு அர்த்தம் தேடுபவருக்கு. பொருளகராதியோ, பொருளைத் தெரிந்துகொண்டு அதற்குரிய சொற்களைத் தேடுபவருக்கு. குடியிருப்பவராகிய நாம் சட்டத்தின் முன் இந்த இரண்டாவது ஆளாகத்தான் நிற்கிறோம். பிரச்சினை தெரியும், சட்டத்தின் பெயர் தெரியாது.

20-ஆம் நூற்றாண்டில் இந்தக் கலையை உலகத்துக்கே சொல்லிக் கொடுத்தவர் நம் சென்னையில் இருந்தார். சீர்காழியில் 1892-ல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். பயிற்சிக்காக லண்டன் போனபோது ஒரு கடையில் மெக்கானோ பொம்மைப் பெட்டியைப் பார்த்தார். அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டி வெவ்வேறு பொம்மைகள் செய்வதைக் கண்டு, புத்தகப் பொருளையும் அப்படித் துண்டுகளாகப் பிரித்துப் பூட்டலாமே என்று யோசித்தார். அதிலிருந்து பிறந்த கோலன் பகுப்பு முறை 1933-ல் நூலாக வந்தது.

அவர் வகுத்த இன்னொரு முறை சங்கிலி அடைவு. ஒரு பொருளைப் பெரியதிலிருந்து சிறியதாகச் சங்கிலிபோல் எழுதி, ஒவ்வொரு கண்ணிக்கும் அடைவில் ஓர் இடம் தர வேண்டும். நம் மழைநீர்ச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 'உள்ளாட்சி – கட்டடம் – நீர் – மழைநீர்ச் சேகரிப்பு' என்பது சங்கிலி என்றால், மழைநீர் என்று தேடி வருபவரும், கட்டடம் என்று தேடி வருபவரும், உள்ளாட்சி என்று தொடங்குபவரும் அதே இடத்துக்கு வந்து சேர்வார்கள். எந்த வாசல் வழியாக வந்தாலும் உள்ளே விடும் வீடு.

அரங்கநாதனுக்குச் சட்டத்தோடு நேரடிச் சம்பந்தமும் உண்டு. பொது நூலகங்களுக்குச் சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகள் மன்றாடினார். கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில் 1948-ஆம் ஆண்டின் மெட்ராஸ் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் ஒரு மாநிலம் கொண்டுவந்த முதல் நூலகச் சட்டம் அது. நீங்கள் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறீர்களே, அது இந்தச் சட்டப்படிதான். இப்போது சொல்லுங்கள், இந்தச் சட்டத்தைப் பொருளடைவில் எங்கே வைப்பது? 'நூலகம்' என்ற சொல்லின் கீழ் மட்டும் வைத்தால், வரி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு வருபவருக்கு அது தெரியாது. 'வரி', 'வீடு', 'சொத்து' என்ற சொற்களின் கீழும் ஒரு சுட்டு வேண்டும். அடைவுக் கலையின் தந்தை போராடிப் பெற்ற சட்டமே நல்ல அடைவு இல்லாவிட்டால் நம் கண்ணில் படாது.

கூகுளில் தேடினால் போதாதா?

மத்திய அரசின் 'இந்தியா கோட்' இணையதளத்தில் தமிழ்நாட்டுச் சட்டங்களும் இருக்கின்றன. ஆண்டு, எண், தலைப்பு, துறை என்று தேடலாம். வரவேற்க வேண்டிய வசதி. ஆனால் சட்டத்தின் பெயரோ எண்ணோ முன்பே தெரிந்தவருக்குத்தான் அது முழுப் பயன் தரும்.

சொல்லைத் தட்டச்சு செய்து தேடுவதிலும் ஒரு வலை இருக்கிறது. சட்டம் பேசும் சொல் வேறு, நாம் பேசும் சொல் வேறு. நாம் 'ஃபிளாட்' என்போம். சட்டத் தமிழ் 'அடுக்ககம்' என்கும். நாம் 'குடித்தனக்காரர்' என்போம்; பழைய அரசு ஆவணம் 'அனுபோகதாரர்' என்கும். வாடகைச் சட்டம் 1960 முதல் 'கட்டடங்கள்' என்று தொடங்கும் தலைப்பில் இருந்தது. அதற்குப் பதிலாக 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தலைப்பு 'நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளும் பொறுப்புகளும்' என்ற பாணியில் நீள்கிறது. திருவொற்றியூரில் கோயில் நிலத்தில் குடியிருப்பவர் வாடகை பற்றித் தேடினால், 1959-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டத்தையும் பார்க்க வேண்டும் என்று ஒரு 'மேலும் காண்க' இருந்தால்தான் தெரியும். இயந்திரம் சொல்லைத் தேடும். 'இதையும் பார்' என்று கைபிடித்துச் சொல்வது, விஷயம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து செய்த அடைவுதான்.

இதில் நமக்கு என்ன நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். கட்டடம் பழசாகி இடித்துக் கட்டும் பேச்சு வடசென்னையின் பல குடியிருப்புகளில் நடக்கிறது. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்தில் ஒருவர் மறுத்தாலும் வேலை நின்றுவிடும் நிலை. அதற்குப் பதிலாக வந்த 2022-ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டம் 2024-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். கூட்டத்தில் ஒருவர் பழைய சட்டத்தை வைத்தும் இன்னொருவர் புதிய சட்டத்தை வைத்தும் பேசினால், சண்டைதான் மிஞ்சும். எந்தச் சட்டம் உயிரோடு இருக்கிறது என்று தெரியாதவர், சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடும்போதும் போட மறுக்கும்போதும் இருட்டில்தான் நிற்கிறார்.

நமக்காக ஒரு சிறு பொருளடைவு

அடுக்குமாடியில் வாழ்பவருக்கு அடிக்கடி தேவைப்படும் மாநிலச் சட்டங்கள் மட்டும், நாம் பேசும் சொற்களின் வரிசையில்:

கட்டட அனுமதி: நகர் ஊரமைப்புச் சட்டம், 1971. மேலும் காண்க: ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019.

கழிவுநீர், குடிநீர் இணைப்பு: சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல், கழிவுநீர் அகற்றல் சட்டம், 1978.

கொசு, சுகாதாரக் கேடு: பொதுச் சுகாதாரச் சட்டம், 1939.

கோயில் நிலம்: இந்து சமய, அறநிலையக் கொடைகள் சட்டம், 1959.

சங்கப் பதிவு, ஆண்டுப் பொதுக்குழு: சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. மேலும் காண்க: ஃபிளாட் உரிமை.

சொத்து வரி: நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998. மேலும் காண்க: நூலக வரி.

நூலக வரி: பொது நூலகச் சட்டம், 1948.

ஃபிளாட் உரிமை, இடித்துக் கட்டுதல்: அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது இல்லை.

போர்வெல், நிலத்தடி நீர்: சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம், 1987.

மழைநீர்ச் சேகரிப்பு: காண்க, கட்டட அனுமதி.

லிஃப்ட்: தமிழ்நாடு லிஃப்ட் சட்டம், 1997.

வாடகை ஒப்பந்தம்: 2017-ஆம் ஆண்டுச் சட்டம். 1960-ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது இல்லை.

பில்டர் மீது புகார் என்றால் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்; அது மத்தியச் சட்டம். துறைமுகமும் அப்படித்தான். 1905-ல் மெட்ராஸ் துறைமுகத்துக்குச் சட்டம் செய்தது இங்குள்ள மாகாண சபை. இன்று பெரிய துறைமுகங்கள் மத்திய அரசின் கையில். காசிமேட்டு விசைப்படகுகளுக்கு உரியதோ 1983-ஆம் ஆண்டின் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், அது மாநிலத்தினுடையது.

இந்தப் பட்டியலைப் பிரதி எடுத்துச் சங்க அலுவலகக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டங்களுக்கு அடிக்கடி திருத்தம் வரும் என்பதால், காரியம் என்று இறங்கும் முன் இன்றைய நிலையைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. புதிய சட்டம் வந்தால் தலைப்பை மட்டும் குறித்துக்கொள்ளாமல், அது நம் வீட்டில் எதைத் தொடுகிறது என்று ஒரு சொல்லில் எழுதி வையுங்கள்: தண்ணீரா, வரியா, லிஃப்டா, வாடகையா? அடுத்த முறை பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்கும்போது, அந்த ஒரு சொல்தான் அவருக்கு வழி காட்டும்.